ஆளில்லாத திருமயம்

லின்னேயஸ் டிரைப் (1822–1902) எடுத்த திருமயம் படங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே நம்ம நண்பர்கள் 'காலனியப் பார்வை' என்று முடித்துவிடுகிறார்கள். தப்பில்லை. கும்பினிப் பட்டாளத்துக் கேப்டன். 1856இல் மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரர். வடக்கே கலகம் அடங்காத 1857 டிசம்பரில் தெற்கே கிளம்பினார். மதுரை, தஞ்சை, திருச்சித் தொகுப்புகளோடு புதுக்கோட்டைத் தொகுப்பும் 1858இல் வந்தது. பாறை, கோட்டை, கோயில் எல்லாம் துல்லியம். மனுஷர்கள் அபூர்வம்.

ஆனால் இந்த வாசிப்பு பாதியில் நின்றுபோகிறது. அவர் வேலை செய்தது மெழுகேற்றிய காகித நெகட்டிவில். வெளிச்சம் பதிய நிமிஷக்கணக்கில் ஆகும். அதற்குள் மாடு ஓட்டிக்கொண்டு கடந்து போகிறவன் பதிய மாட்டான். சரி, ரசாயனத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாமா? அளவு காட்ட ஓர் ஆளை அசையாமல் நிறுத்தி எடுப்பது அன்றைய கட்டடப் படக்காரர்களின் வழக்கம்தான். பதியாத வானத்துக்கு நெகட்டிவ் மேலேயே சாயம் தீட்டி மேகம் வரைந்தவர் டிரைப். மேகத்துக்கு மெனக்கெட்டவர் ஆளுக்கு மெனக்கெடவில்லை.

இன்னொன்று. புதுக்கோட்டை கும்பினி ஜெயித்த சீமை அல்ல. 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த தொண்டைமானின் நட்பு நாடு. எல்லாவற்றையும் 'காலனியம்' என்ற ஒரே சொல்லால் மூடினால் உள்ளூர் அரண்மனை நைசாகத் தப்பித்துவிடும்.

அவருடைய சாதனை என்று நான் நினைப்பது தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுப் படம்: 21 பிரிண்டுகளை ஒட்டிச் சேர்த்தது, சுமார் 19 அடி நீளம். ரசிப்பதற்கு முன்னால் வாசிப்பதற்காக எடுத்த படம். அதனாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது. 1859இல் வந்த கவர்னர் டிரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரம் என்று நிறுத்தச் சொல்ல, 1860இல் வேலை முடிந்தது. அதிகாரம் சகலத்தையும் பார்க்கத் துடிக்கிறது என்று பூக்கோவை வைத்துப் பேசுகிறவர்கள் இந்தக் கஞ்சத்தனத்தையும் கணக்கில் எடுக்கணும்.

டிரைப்போடு சி. அய்யாசாமி என்றொரு உதவியாளர் வேலை பார்த்தார். அவர் பெயரை நம் விமர்சனங்களில் பார்த்த ஞாபகம் எனக்கில்லை. டிரைப் ஆட்களை விட்டுவிட்டார் என்று எழுதும் நாமும் டிரைப்பை மட்டுமே எழுதிக்கொண்டிருக்கிறோம். பெட்டிகள் மாட்டுவண்டியில் போயின. வண்டியை ஓட்டியது யார்? நெகட்டிவை அலசத் தண்ணீர் வேணும், ஒரு குடம் ரெண்டு குடம் போதாது. வானம் பார்த்த சீமையில் அதை எந்த ஊருணியில் மொண்டார்கள், மொள்ள யாரை அனுமதித்தார்கள்?