ஒட்டுத் தெரியும் இடம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், ஒரு பழம்பொருள் கடையில் அந்தத் தட்டை வாங்கினேன். பழுப்பு நிற அச்சு. விளிம்பைச் சுற்றி ஜப்பானிய விசிறிகள். மூங்கில் கிளையும் குருவியும் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தன. பின்பக்கத்தில் சாய்சதுர முத்திரை. பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை, பதிவு செய்த வடிவமைப்புகளுக்குத் தரப்பட்ட அடையாளம் அது. அதிலுள்ள எழுத்துகளையும் எண்களையும் கொண்டு பதிவு நாளையே கண்டுபிடித்துவிடலாம்.

விக்டோரியா காலத் தட்டுகளைச் சேகரிப்பவர்கள் இந்தப் பின்பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறார்கள். 1862 லண்டன் கண்காட்சியில் ஜப்பானியப் பொருட்கள் வைக்கப்பட்ட பிறகு இங்கிலாந்தில் பரவிய மோகத்தையும், சமச்சீரை உடைத்த வடிவமைப்பாளரின் துணிச்சலையும் பேசுகிறார்கள். அந்தப் படம் தட்டில் எப்படி ஏறியது என்று பேசுவதில்லை.

செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் அச்சிட்டவர் ஆண். தாளைக் கத்தரித்தவள் சிறுமி. அதைத் தட்டில் ஒட்டி, அழுத்தித் தேய்த்து, தாளைக் கழுவி எடுத்தவர்கள் பெண்கள். மெருகுப் பிரிவுகளில் வேலை செய்த பெண்களுக்கு ஈய நஞ்சேறிக் கரு கலைந்தது. 1890களில் பெண்கள் தொழிற்சங்கக் கழகம் இதை எதிர்த்துப் போராடியது. முத்திரையில் இவர்களுக்கு ஒரு மூலைகூட இல்லை.

ஆலங்குளத்தில் வளர்ந்த எனக்கு இந்த வேலைப் பிரிவினை புதிதல்ல. 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்குவதற்கு முன் இங்கே விற்றவை ஸ்வீடன், ஜப்பான் தீப்பெட்டிகள். பிறகு எங்கள் ஊர்களே ஒட்டத் தொடங்கின. அம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டினார். பள்ளிவிட்டு வந்ததும் நானும் பசைச் சட்டி முன் உட்காருவேன். ஒரு குரோசுக்கு 144 பெட்டி. கோணலாக ஒட்டினால் கழித்துவிடுவார்கள். அந்த லேபிள்களையும் இன்று ஆல்பங்களில் சேர்க்கிறார்கள். அச்சகத்தின் பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள்.

என் தட்டின் விளிம்பில் தாளின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு விசிறி பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. அது பழுது என்று கடைக்காரரே விலையைக் குறைத்தார். வடிவமைப்பாளர் குருவியை ஓரத்துக்குத் தள்ளினால் கலை. ஒட்டியவள் கையில் விசிறி நகர்ந்தால் பழுது. சேகரிப்பாளர்களின் ரசனை இந்தக் கணக்கைக் கேள்வி கேட்பதே இல்லை.

தட்டை அம்மாவிடம் காட்டினேன். அவர் திருப்பிப் பார்க்கவில்லை. வெட்டுப்பட்ட விசிறியை விரலால் தடவினார்.

“பாவம், பொழுதடைஞ்சு ஒட்டிருப்பா. கை அசந்துபோச்சு.”

தட்டுகள் வாங்குவதை நான் நிறுத்தவில்லை. குறிப்பேட்டில் பதிவு நாளுக்கு மேலே, ஒட்டு எங்கே இருக்கிறது என்று முதலில் எழுதுகிறேன்.