நான்கு இழை, ஒரே இழுப்பு

முழங்கால் ஜவ்வு மாற்றும் அறுவை அரங்கில் எல்லோர் கண்ணும் திரையில்தான் இருக்கும். மூட்டுக்குள் நுழைந்த ஆர்த்ராஸ்கோப் காட்டுவதெல்லாம் அங்கேதான் ஓடுகிறது. நயம் தேடுகிறவர் சற்றுத் திரும்பி ஓரத்துச் சிறு மேசையைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பலகையில், இரண்டு பிடிகளுக்கு நடுவே, பளபளக்கும் வெண்மையில் ஒரு நாண் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். சற்று முன்புவரை அது அதே நோயாளியின் தொடைக்குப் பின்னால் தசையோடு ஒட்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே உட்புறம் ஒரு சிறு கீறல் போட்டு, வளையமுனைக் கருவியை நாண் நெடுக மேலே தள்ளி உரித்தெடுத்த செமிடெண்டினோசஸ், கிராசிலிஸ் என்ற இரண்டு தசைநாண்கள் அவை. ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்தால் நான்கு இழை. ஒட்டியிருக்கும் தசைத் துணுக்குகளைச் சுரண்டி, முனைகளைத் தைத்து, துளையளவியில் நுழைத்துப் பருமன் பார்ப்பார்கள். அரை அரை மில்லிமீட்டராக ஏறும் கணக்கு அது. எட்டு மில்லிமீட்டர் தேறினால் மருத்துவர் முகம் தெளியும்.

இது யாருடைய இடத்தில் போய் உட்காரப் போகிறது? தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே பிணைக்கும் முன்சிலுவை ஜவ்வு, அதாவது ஏ.சி.எல். நீளம் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இளைஞர்களின் மூட்டுகளை இழுத்துப் பார்த்த சேவியோ வூ குழுவினர், அது அறுவதற்கு 2,160 நியூட்டன் விசை வேண்டியிருந்ததாக 1991-ல் எழுதினார்கள். ஏறக்குறைய 220 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அறுபது வயது கடந்தவர்களின் ஜவ்வோ 658 நியூட்டனிலேயே அறுந்தது. அந்த இடத்துக்கு வரும் நான்கு இழை நாண், சோதனைக் கூடத்தில் 4,000 நியூட்டனைத் தாண்டி நிற்கிறது. முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து பத்து மில்லிமீட்டர் அகலத்தில் எடுக்கும் நாண்கூட 3,000-ஐ நெருங்குகிறது. அசலைவிட மாற்று வலிது என்று இந்த எண்களைக் காட்டிப் பெருமை பேசுவது வழக்கம். எனக்கு அந்தப் பெருமையைவிட, அதற்கு விதித்திருக்கும் நிபந்தனையே பிடித்திருக்கிறது.

அந்த நிபந்தனையை 1999-ல் ஹேம்னர் குழுவினரின் ஆய்வு அழகாகக் காட்டியது. செமிடெண்டினோசஸ் ஒற்றை இழையாக ஏறக்குறைய 1,060 நியூட்டன் தாங்கியது. இரண்டு இழைகளைச் சமமாக இழுத்துக் கட்டியபோது 2,330. நான்கு இழைகளிலும் ஒரே அளவு எடையைத் தொங்கவிட்டு இழுவையைச் சமப்படுத்தியபோதுதான் 4,000-க்கு மேல் போனது. அதே நான்கையும் கையால் இழுத்துக் கட்டினால், சமமாக இழுத்த இரண்டு செமிடெண்டினோசஸ் இழைகளைவிடக் குறிப்பிடும்படியான பலம் கூடவில்லை. ஓர் இழை இம்மியளவு தளர்ந்திருந்தாலும் பாரம் அதன் பங்குக்குப் போகாது. விறைத்து நிற்கும் இழை எல்லாவற்றையும் ஏற்று முதலில் அறும், பிறகு அடுத்தது. அனுபவம் மிக்க கை என்று நாம் கொண்டாடும் கைக்கும் எட்டாத சமம் அது! அந்தப் பலகையில் நாணைக் கட்டிச் சில நிமிடங்கள் இழுவையில் விட்டுவைப்பதன் அருமை இங்கேதான் விளங்குகிறது.

பாரத்தைப் பங்கிடும் இந்தப் பாங்கு, நாணுக்கு உள்ளே போகப் போக இன்னும் நுட்பமாகிறது. நுண்ணோக்கியில் வைத்தால் தளர்ந்த நாணின் இழைகள் நெளிநெளியாக அலையோடிக் கிடக்கும். இழுத்தால் அலைகள் மெல்ல நிமிர்ந்து, இழைகள் ஒவ்வொன்றாகப் பாரத்தில் சேரும். திடீர் அதிர்ச்சி தணிவது அதனால்தான். இன்னும் ஆழத்தில் கொல்லாஜன் மூலக்கூறு: மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய புரி. இந்த மூன்று புரி வடிவத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் முன்வைத்து, அடுத்த ஆண்டே திருத்திச் செப்பம் செய்தார்கள். அவர்கள் எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்ததும் ஒரு தசைநாணைத்தான், கங்காருவின் வாலில் இருந்து எடுத்தது. சங்கிலியில் மூன்றுக்கு ஒன்று கிளைசின். புரியின் நடு அச்சில் அதைவிடப் பெரிய அமினோ அமிலம் எதற்கும் இடமில்லை. அமினோ அமிலங்களிலேயே சிறியது உள்ளே ஒடுங்கிக்கொள்வதால்தான் மூன்று சங்கிலிகளும் இவ்வளவு நெருங்கி நிற்க முடிகிறது.

ஆனால் முதல் நாள் பலம் முழுவதும் நாணில் இல்லை. பிடிப்பின் கையில் இருக்கிறது. தொடையெலும்பில் துளைத்த சுரங்கத்தின் வழியே, நாணோடு பிணைத்த ஒரு டைட்டானியத் துண்டு நீளவாக்கில் நுழைந்து போய், வெளியே வந்ததும் குறுக்காகத் திரும்பி எலும்பின்மேல் படுத்துக்கொள்கிறது. சில வாரங்களுக்கு அதுதான் ஆதாரம். நாய்களில் ரோடியோ குழுவினர் 1993-ல் செய்த சோதனையில், எட்டு வாரம் வரைக்கும் இழுத்தால் நாண் சுரங்கத்தை விட்டு உருவிக்கொண்டு வந்தது. பன்னிரண்டாம் வாரத்தில் அப்படி வரவில்லை. எலும்பும் நாணும் அதற்குள் நார்விட்டுப் பின்னிக்கொண்டிருந்தன.

அந்த வாரங்களில் நாணுக்குள்ளேயே வேறொரு வேலை நடக்கிறது. ரத்த ஓட்டம் அறுபட்டு வந்ததால் பழைய செல்கள் மடிகின்றன. புதிய நாளங்கள் நுழைகின்றன. புதுச் செல்கள் பழைய கொல்லாஜனைக் கலைத்துத் திரும்ப நெய்கின்றன. இடையில் நாண் நன்றாகவே நலிகிறது. மேசைமேல் அளந்த உபரி பலம் இந்த நலிவைக் கடப்பதற்கான கட்டுச்சோறு. வலி போய், வீக்கம் வடிந்து, ஓடலாம் போலத் தோன்றும் இரண்டாவது, மூன்றாவது மாதம்தான் நாண் மிக மென்மையாக இருக்கும் காலமும். ஒன்பது மாதமாவது பொறுக்கச் சொல்லும் பிசியோதெரபிஸ்ட்டிடம் இளம் ஆட்டக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். அவரோ கண்ணுக்குத் தெரியாத அந்த நெசவு முடியட்டும் என்று காத்திருக்கிறார்.

எடுத்த இடம் என்ன ஆயிற்று என்று பார்ப்பவர்களுக்கு இன்னொரு வியப்பு உண்டு. பலருக்கு ஓராண்டு, இரண்டாண்டு கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தால், உரித்தெடுத்த தடத்திலேயே நாண் போன்ற ஒன்று மறுபடி வளர்ந்திருக்கிறது. மருத்துவர்கள் இதைப் பல்லி வால் என்கிறார்கள். பெரும்பாலும் அது பழைய இடத்துக்குச் சற்று மேலேயே எலும்பைத் தொட்டு நின்றுவிடுகிறது. காலை ஆழமாக மடக்கும்போது மட்டும் பழைய பலம் முழுதாக வருவதில்லை.