தோள் தாங்கும் அளவு

மான் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி நல்லது என்று ஓசூரில் இன்று யாராவது கேட்டால் நேரான பதில் ஒன்றுதான்: எதுவும் இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டிப்போட்டது. 1991-இல் வந்த திருத்தம் உரிமம் வாங்கிச் சுடும் வழியையும் அடைத்தது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி 2014-இல் காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயமும் ஆகிவிட்டது.

ஆனாலும் கேள்வி செத்துப்போகவில்லை. சிப்காட் ஆலைகளில் வேலை பார்த்துவிட்டு டெக்சாஸுக்கும் ஸ்வீடனுக்கும் குடிபோனவர்களின் பிள்ளைகள் அங்கே சட்டப்படி மான் வேட்டைக்குப் போகிறார்கள். இங்கே இருக்கும் பிள்ளைகள் ஏர் ரைஃபிள் எடுக்கிறார்கள். புதிதாகத் துப்பாக்கி பிடிப்பவரின் தோளுக்கு எவ்வளவு உதைப்பு தரலாம் என்ற கணக்கு இரு சாராருக்கும் பொதுவானது. அந்தக் கணக்கைப் போட்ட மரபுகள் சிலவற்றை இம்மலருக்காகத் தொகுக்கிறேன்.

நம் எல்லைப்புறத்திலிருந்தே தொடங்கலாம். பெங்களூருவில் வாழ்ந்து, விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) ஓய்வு கிடைத்தபோதெல்லாம் இறங்கி வந்தது அன்றைய சேலம் மாவட்டத்தின் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகளுக்குத்தான். அவர் புகழ்பெற்ற முதல் நூலின் முதல் கதையே ஜவளகிரிப் புலியைப் பற்றியது. அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாதிரி, லீவர் வகை. 300 கிரெய்ன் குண்டை, அதாவது ஏறத்தாழ 19 கிராம் ஈயத்தை, நொடிக்கு 2200 அடி வேகத்தில் தள்ளும் தோட்டா. அதன் உதைப்பு 30 அடி-பவுண்டை ஒட்டி வரும். ஆட்கொல்லியை எதிர்கொள்பவருக்கு அது நியாயமான கருவி. அவர் கதைகளைப் படித்துவிட்டு அதே அளவுக்கு ஆசைப்படும் பதினாறு வயதுப் பையனுக்கு அது தண்டனை. ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50-இல் பழகாதவனிடம் நாம் புல்லட் சாவியைக் கொடுப்பதில்லையே.

வடக்கே ஜிம் கார்பெட் வேறு வழியில் வந்தவர். பத்து வயதில் நைனிதால் தொண்டர் படையின் சிறுவர் அணியில் அவருக்குக் கிடைத்தது .450 மார்ட்டினி. சிறுவர்களைப் போட்டுத் தாக்கும் முரட்டுத் துப்பாக்கி அது. 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்தியதற்காக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஹெவெட் அவருக்குப் பரிசளித்ததோ .275 ரிக்பி. மவுசரின் 7×57 தோட்டாவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. 140 கிரெய்ன் குண்டு, மிதமான உதைப்பு. மான்களுக்கு அது போதும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை; ஆப்பிரிக்காவில் பெல் என்பவர் அதே தோட்டாவால் யானைகளையே வீழ்த்திய கதை வேட்டைக்காரர் எல்லோருக்கும் தெரியும். பெல் செய்ததைப் பின்பற்றச் சொல்லவில்லை. குண்டு விழும் இடம் சரியாக இருந்தால் அளவின் பெருமை எவ்வளவு சுருங்கிவிடுகிறது என்பதற்கு அவர் ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

இந்தியாவில் தோட்டாவின் அளவை முடிவு செய்தது பல சமயம் மானும் இல்லை, தோளும் இல்லை, அரசாங்கத்தின் பயம். படைத் துப்பாக்கியின் தோட்டா கலகக்காரர் கைக்குப் போய்விடக் கூடாதென்று 1907-இல் .450 அளவை ஆங்கில அரசு இங்கே தடை செய்தது. லண்டன் துப்பாக்கிக்காரர்கள் அந்தத் தடையைத் தாண்டத்தான் .465, .470 என்று புது அளவுகளைப் படைத்தார்கள். .303 இன்றும் பொதுமக்களுக்குக் கிடையாது. அந்த இடத்தை நிரப்பியது .315. இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை லீ-என்ஃபீல்டின் உடலில் அதைச் செய்து தந்தது. 244 கிரெய்ன் எடையுள்ள, மெதுவாகப் போகும் குண்டு. பண்ணை வீடுகளின் பரணில் உரிமத்தோடு கிடக்கும் பழைய துப்பாக்கிகளில் இதைப் பார்க்கலாம். இளையவருக்காக யோசித்து வடித்த அளவல்ல அது. வேறு எதுவும் கிடைக்காததால் நிலைத்துப்போன அளவு.

உரிமமே இல்லாத இன்னொரு மரபும் இந்த மலைகளில் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. நாட்டுத் துப்பாக்கி: இரும்புக் குழாய், வாய்வழியே இடிக்கும் மருந்து, குண்டுக்குப் பதிலாகச் சைக்கிள் பால்ரஸ். இதற்கு அளவும் கிடையாது, தரமும் கிடையாது. மருந்து கூடினால் குழாய் வெடித்துச் சுட்டவரின் கையையே தின்னும். பால்ரஸ் பட்ட மான் அங்கேயே விழாமல் காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து சாகும். வனத்துறையும் காவல்துறையும் மலையோர ஊர்களில் அறிவிப்புக் கொடுத்து இவற்றை ஒப்படைக்கச் சொல்லி வாங்கி வருகின்றன. ஒப்படைத்துவிடுவதே நல்லது.

அளவுக்குச் சட்டமே அடிக்கோடு போட்ட நாடுகள் ஐரோப்பாவில் இருக்கின்றன. இங்கிலாந்தில் 1991-இன் மான் சட்டப்படி பெரும்பாலான மான் இனங்களுக்கு .240-க்குக் குறையாத குழல், குழல்வாயில் 1700 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும். ஜெர்மனியில் சிறிய ரோ மானுக்கு 100 மீட்டரில் 1000 ஜூல் போதும். சிவப்பு மான் போன்றவற்றுக்கு 6.5 மில்லிமீட்டர் குழலும் 2000 ஜூலும் கட்டாயம். ஸ்வீடனில் பெரிய விலங்குகளுக்கு, 10 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள குண்டாக இருந்தால் 100 மீட்டரில் 2000 ஜூல் இருக்க வேண்டும். அதனால்தான் 1894-இல் படைக்காகப் பிறந்த 6.5×55, உதைப்பு குறைவாக இருந்தும், அங்கே மூஸ் என்னும் பெரிய மானின் வேட்டையில்கூட இன்றும் நிற்கிறது. இந்த எண்கள் எல்லாம் விலங்கின் பக்கம் நின்று எழுதப்பட்டவை. மான் துடிக்காமல் சாக வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம்.

மேல்கோடு போடுவது தோள். அதற்குச் சட்டம் இல்லை; அமெரிக்க வழக்கம்தான் வழிகாட்டி. அங்கே தொடக்கக்காரருக்கு .243 வின்செஸ்டரைக் கொடுக்கும் பழக்கம் அது 1955-இல் வந்த நாளிலிருந்தே வேரூன்றியது. 100 கிரெய்ன் குண்டோடு அதன் உதைப்பு 10 அடி-பவுண்டு அளவில் நிற்கும். அப்பாக்கள் விரும்பும் .30-06 அதைப் போல இரு மடங்கு உதைக்கும். ஆண்டர்சனின் .405 மூன்று மடங்கு. இடையில் 7எம்எம்-08-உம், 2007-இல் வந்த 6.5 கிரீட்மோரும் நிற்கின்றன. கிரீட்மோரை ஏதோ அற்புதம் போல விற்கிறார்கள். மான் தூரத்தில் ஸ்வீடன்காரரின் பழைய 6.5 செய்வதைத்தான் அதுவும் செய்கிறது. ஒல்லியான பிள்ளைக்கு .243, கொஞ்சம் வளர்ந்தவருக்கு 6.5 அல்லது 7எம்எம்-08 என்பது என் தேர்வு.

உதைப்பை இவ்வளவு பெரிதாகப் பேசக் காரணம் வலி மட்டுமல்ல. இரண்டு மூன்று முறை அடிபட்ட உடம்பு அடுத்த வெடிக்கு முன்பே தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கும். கண் மூடும், தோள் பின்வாங்கும், விரல் விசையை வெடுக்கென்று இழுக்கும். குண்டு நெஞ்சுக்குப் போகாமல் வயிற்றில் பாயும். சுடுபவருக்கே இது தெரியாது. பயிற்சியாளர்கள் கண்டுபிடிக்கும் வழி எளியது: சுடுதளத்தில், தோட்டாக்களுக்கு நடுவே சொல்லாமல் ஒரு போலித் தோட்டாவை வைப்பார்கள். ‘க்ளிக்’ என்ற சத்தம் மட்டும் வரும்போது குழல்முனை கீழே குதித்தால் பதற்றம் புகுந்துவிட்டது என்று அர்த்தம். ஒருமுறை புகுந்தால் வெளியேற்ற மாதங்கள் ஆகும்.

சத்தமும் இதில் கூட்டாளி. உதைப்பைக் குறைக்கக் குழல்முனையில் பூட்டும் பிரேக் சத்தத்தைக் கூட்டிவிடும். காதுக்கவசம் இல்லாத பிள்ளைக்கு அதனால் லாபமில்லை. துப்பாக்கியின் எடை கூடினாலும் உதைப்பு குறையும், ஆனால் தூக்கி நிறுத்தக் கை வேண்டும். கடையில் பலரும் கவனிக்காதது பின்கட்டையின் நீளம். முழங்கையை மடக்கி, அதன் உட்பக்கத்தில் கட்டையை வைத்தால் விரல் விசையைச் சிரமமின்றித் தொட வேண்டும். பெரியவருக்கான கட்டையைச் சிறுவர் தோளில் திணித்தால் .243-கூட அடிக்கும்.

இங்கே, நம் ஊரில், இந்தச் சிந்தனை முழுமையாகக் கனிந்திருப்பது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். ஆயுதச் சட்டம் 21 வயது நிரம்பாதவருக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி தராது. பயிற்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. 4.5 மில்லிமீட்டர் அளவில், 20 ஜூலுக்கு மிகாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டியில் அதன் எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. நடுப்புள்ளியோ அரை மில்லிமீட்டர்தான். உதைப்பு இல்லவே இல்லை என்பதால் தவறைத் தோட்டாவின் மேல் போட முடியாது. சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டனில் வெண்கலம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்கில் ஏறியதும் இந்தப் பிரிவில்தான்.

வெளிநாட்டில் மான் வேட்டைக்குப் போகவிருக்கும் பிள்ளையும் முதலில் இதில் நிற்கட்டும். அடுத்து .22. அதில் சலிக்கச் சலிக்கச் சுட்டு, போலித் தோட்டா வைத்தாலும் குழல் அசையாத நிலை வந்தபின் .243 கைக்கு வரட்டும். முதல் நாள் பத்துத் தோட்டாவுக்கு மேல் வேண்டாம். தோள் சலிப்பதற்கு முன்பே துப்பாக்கியைப் பையில் போட்டுவிட வேண்டும்.