மகனும் மகளும்: ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ குறித்து

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது நம்மவரிற் சிலர் முகஞ்சுளித்தனர். இல்லத்தின் திரையை விலக்கிவிட்டார் என்பதே அவர்கள் கூறிய குறை. நாம் இந்நாவலைப் பிள்ளை வளர்ப்பைப் பற்றிய நூலாகவே வாசித்தோம்.

நூலாசிரியை, நம் எரியோட்டிற்குக் கிழக்கே உள்ள துவரங்குறிச்சியில் 1968-இல் பிறந்தவர். பருவமெய்தியதும் பள்ளி நின்றது. மணமான பின் மறைந்திருந்தே எழுதினார். அவ்வெழுத்துகளை வெளியே சேர்ப்பித்தவர் அவருடைய தாயார். அவருக்கு முன்னரே, 1938-இல், நாகூர் சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா? கடமையா?’ எழுதினார். உ.வே. சாமிநாதையரே மதிப்புரை நல்கிய அந்நாவலை எழுதியவரின் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது! அவ்வில்லங்களில் மகன்மாருக்கு இத்தகைய வயதெல்லை ஏதும் இருந்ததில்லை.

நாவலின் உயிர்நிலை இரு உறவுகளில் உள்ளது. கரீமுக்கும் மாரியாயிக்கும் இடையிலான தொடர்பை ஊர் அறியும். மனைவி ஜொஹராவும் அறிவாள். அவருடைய மதிப்பு சிறிதும் குன்றவில்லை. மணவிலக்குப் பெற்ற பிர்தவ்ஸ், சிவாவை நாடியது வெளிப்பட்டதும் பெற்ற தாயின் கையாலேயே நஞ்சுண்டு மாள்கிறாள். மாற்று மதத்தவனை நாடியதே குற்றம் என்பாராயின், மாரியாயியும் அம்மதத்தவளே. அத்தாயைக் கொடியவள் எனக் கடந்துவிடல் எளிது. ஆயின், மகளைக் காப்பது மட்டுமே கடமையெனவும், மகனைத் திருத்துவது தன் வேலையன்று எனவும் பயின்ற தலைமுறையின் கை அது.

மார்க்கத்தின் பெயரால் இதனை நியாயப்படுத்துவோருக்கு ஒரு சொல்லை நினைவூட்டுவோம். நுஃமான் இப்னு பஷீர் அவர்களின் அறிவிப்பில், ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடையளித்த தந்தையை நோக்கி, பிள்ளைகளிடையே நீதி பேணுமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்தார்கள். அங்கு வரும் ‘அவ்லாத்’ என்னும் அரபுச் சொல் ஆண், பெண் இருபாலாரையும் குறிக்கும். வாகு விளக்கத்தில் மட்டும் அதனை ‘மக்கள்’ என்று பொருள்கூறிவிட்டு, வீடு திரும்பியதும் ‘மகன்’ என்று சுருக்கிக்கொள்வது எந்த இலக்கணமோ, நாமறியோம்.

நாவலில் ஒரு குறையும் உண்டு. கரீம் எவ்வாறு இத்தகைய கரீம் ஆனார் என்பது சொல்லப்படவில்லை. அகமது என்னும் சிறுவன் ராபியாவின் தோழனாக வந்து போகிறான். அவன் உருவாகும் வகையை நாம் காண்பதில்லை. கதை பெண்களின் முற்றத்திலேயே நிலைகொண்டுவிடுகிறது. கடைத்தெருவிலும் திண்ணையிலும் ஓர் ஆண்பிள்ளை கற்றுக்கொள்வது அங்கிருந்து கண்ணுக்கு எட்டுவதில்லை.