சொல்லாததன் பொருள்: 2002 குடியரசுத் தலைவர் தேர்தலும் நம் நாளேடுகளும்

குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பொதுமக்களுக்கு இல்லை. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களே வாக்காளர்கள். தமிழகச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்குக்கு மதிப்பு 176. நம் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் உறுப்பினர்களும் அக்கணக்கிலேயே வாக்களித்தனர். 2002 ஜூன் மாதம் தேசிய ஜனநாயகக் கூட்டணி டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களை முன்மொழிந்து, காங்கிரசும் அவரை ஆதரிக்க முன்வந்ததோடு முடிவு உறுதியாகிவிட்டது. ஜூலை 18இல் எண்ணியபோது கலாம் பெற்ற வாக்கு மதிப்பு 9,22,884. இடதுசாரிகள் நிறுத்திய கேப்டன் லட்சுமி சேகல் பெற்றது 1,07,366.

அவ்வாறாயின் அந்த ஐந்து வார காலம் நாளேடுகள் எழுதிக் குவித்தது யாருக்காக? வாக்குகளை அது மாற்றவில்லை. வாக்கில்லாத நம் மனத்தில் ஒரு மனிதரின் உருவத்தை வரைந்தது. அவரை வைத்து ஒரு சமுதாயத்தின் உருவத்தையும் வரைந்தது என்பதே நம் கருத்து.

எழுதப்பட்டவை பொய்யல்ல. அவர் வீணை வாசிப்பார், கீதை படிப்பார், புலால் உண்ணார் என்பன யாவும் உண்மை. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் தரும் கட்டளை. இங்கு விசாரித்தாலும் உண்மையே கிடைக்கும். ஆகவே அறிவிப்பாளரை எடைபோடும் ஹதீஸ் கலையை விட, உசூலுல் ஃபிக்ஹ் கலையின் ஒரு கருவியே நமக்கு உதவுகிறது.

'மஃப்ஹூமுல் முகாலஃபா' என்பது அதன் பெயர். ஒன்றை அடைமொழியிட்டுக் கூறினால், அந்த அடைமொழி இல்லாததற்கு எதிர்ப்பொருள் கொள்வதாகும். மேயும் ஆடுகளுக்கு ஸகாத் உண்டு என்றால், தீனியிட்டு வளர்க்கும் ஆடுகளுக்கு இல்லை என ஷாஃபிஈ அறிஞர்கள் பொருள் கொள்வர். ஹனஃபிகள் மார்க்க மூலங்களில் இவ்வழியை ஏற்பதில்லை. (அவ்வாட்டின் சட்டத்தை அவர்கள் வேறு வழியில் அடைகின்றனர், அது நிற்க.) ஆயினும் மனிதர்களின் பேச்சில் இது செல்லும் என்பதைப் பிற்கால ஹனஃபி அறிஞர்களும் ஒப்புகின்றனர்.

நாளேடு மனிதர்களின் பேச்சுதானே! 'கீதை படிக்கும் முஸ்லிம்', 'தேசப்பற்று மிக்க முஸ்லிம்' என்று எழுதியோர், அடைமொழி பெறாதவர்களைப் பற்றியும் பேசினர். அதுவும் எந்த வேளையில்? பிப்ரவரி இறுதியில் குஜராத்தில் மூண்ட படுகொலைகளின் சாம்பல் ஆறாத வேளையில். நாமக்கல் லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும், வீணை அறியாத, ஆட்டுக்கறி உண்ணும் முஸ்லிம் எந்தப் பட்டியலைச் சேர்ந்தவர் என்பதை எழுதத் தேவையே இருக்கவில்லை.

எதிர் வேட்பாளர் சென்னையில் பிறந்த மருத்துவர். நேதாஜியின் படையில் ஜான்சி ராணி படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்றவர். அப்போது வயது 87. அவர் ஏன் நிற்கிறார் என்பதைவிட, அவர் தோற்பார் என்பதே செய்தியாயிற்று.

கேட்கப்படாத கேள்விகள்தாம் பெரியவை. 356ஆம் பிரிவின் கீழ் ஒரு கோப்பு வந்தால் இவர் என்ன செய்வார்? 2005 மே மாதம் மாஸ்கோவில் இருந்தபடி பீகார் சட்டமன்றக் கலைப்புக்கு அவர் ஒப்புதல் தந்தார். 2006 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அக்கலைப்பு அரசியல் சட்டத்துக்கு முரணானது என விளக்கித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு, ஆதாயப் பதவி மசோதாவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியவரும் அவரே. இவ்விரண்டில் எதையும் வீணையைக் கொண்டு முன்னறிந்திருக்க முடியாது.

நம்மவர் மட்டும் வேறு கேள்வி கேட்டார்களா? சேலத்தில் ஜும்ஆ முடிந்து பள்ளி முற்றத்தில் நின்றவர்கள் அன்று இளம் ஆசிரியராயிருந்த நம்மிடம், "அவர் தொழுவாரா ஹஜ்ரத்?" என்றே கேட்டனர். நாமும் அதற்கே விடை தேடினோம். 'கீதை படிப்பாரா?' என்ற கேள்வியின் மறுபுறம்தான் இது என்பது அப்போது நமக்குத் தோன்றவில்லை. பதவியேற்ற மறுமாதம், ஆகஸ்டில், அவர் குஜராத் சென்று கலவரம் பாதித்த பகுதிகளைப் பார்வையிட்டார். அங்கு யாரைச் சந்தித்தார், என்ன கேட்டார் என்பதைவிட, போன இடத்தில் தொழுதாரா என்பதே அந்த வாரமும் முற்றத்தில் பேச்சாக இருந்தது.