பானைக்குள் ஒரு வருஷம்

மாசி, பங்குனியில் புதுப்புளி சந்தைக்கு வரும். விலை இறங்கும் அந்தச் சில வாரங்களுக்காகவே அம்மா ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருப்பாள். எங்கள் வீட்டுக்கு மாதம் ஒரு கிலோ, ஆக 12 கிலோ, விருந்தாளிகளுக்கு இன்னொன்று. (ரசப்பிரியரான மாப்பிள்ளை தனிக்கணக்கு.)

வாங்கியதும் பானைக்குப் போய்விடாது. ஓடு, கொட்டை, நார் நீக்கி இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வேண்டும். பிறகு மண்பானையில் ஓர் அடுக்குப் புளி, ஒரு பிடி கல்லுப்பு, மறுபடி புளி. காற்றுக்கு இடமில்லாமல் கையால் அழுத்தி அழுத்தித் திணிப்பாள். ஈரக்கை பட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்; அந்த ஒரு விஷயத்தில் பெற்ற பிள்ளைகளையும் நம்பமாட்டாள். கடைசியில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி அடுக்களை மூலையில் வைப்பாள்.

நாளாக ஆகப் புளி கறுக்கும். வத்தக்குழம்புக்குப் பழசு, ரசத்துக்குப் புதுசு என்பது என் கட்சி. அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் பழசுதான்.

ஐப்பசி மழையில் கடைக்காரர் புளி விலை சொன்னால், "கறிவேப்பிலை மட்டும் போதும்ப்பா" என்று சொல்லி நடையைக் கட்டுவாள்.