அருளலும் ஓம்பலும்: சிறுவர்க்கு விலங்குநேயம் கற்பிக்கும் தமிழ்ப் பனுவல்கள் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

விலங்குகளிடம் அன்பு காட்டச் சிறுவர்க்குக் கற்பிக்கும் தமிழ்ப் பனுவல்களுள் பேகன் கதை, பாரதியாரின் ‘பாப்பா பாட்டு’, கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பசுவும் கன்றும் பற்றிய பாடல் ஆகிய மூன்றும் பெருவழக்கானவை. ஓர் உயிரின் துன்பம் கண்டு உள்ளம் நெகிழ்வதை ‘அருளல்’ என்றும், அதன் தேவையறிந்து தொடர்ந்து பேணுவதை ‘ஓம்பல்’ என்றும் இக்கட்டுரை வேறுபடுத்திக்கொள்கிறது. இம்மூன்று பனுவல்களும் இவற்றுள் எதனைக் கற்பிக்கின்றன, எதனை விட்டுவிடுகின்றன என்பதை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: சிறுவர் இலக்கியம், விலங்குநேயம், பேகன், பாப்பா பாட்டு, கவிமணி, அருளல், ஓம்பல்.

முன்னுரை

மழையில் நனையும் நாய்க்குட்டியை வீட்டிற்கு எடுத்துவரும் சிறுவன் அருளுடையவன் என்பதில் ஐயமில்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபின் அதற்கு நீர் வைப்பவர் யார், நோயுற்றால் மருத்துவரிடம் கொண்டுசெல்பவர் யார் என்னும் வினாக்கள் எழும்போதுதான் ஓம்பல் தொடங்குகிறது. முன்னது ஒரு கணத்தில் நிகழ்ந்து முடியலாம். பின்னது நாள்தோறும் நிகழவேண்டியது. முன்னதற்கு உள்ளம் போதும். பின்னதற்கு அறிவும் வேண்டும்.

இவ்வேறுபாட்டை இந்தியச் சட்டங்களிலும் காணலாம். 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தின்வழி அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 51-ஏ பிரிவு, உயிர்களிடம் இரக்கம் கொள்வதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவோ, ஒரு விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்திற்குத் தக்க நடவடிக்கைகள் அனைத்தையும் எடுக்கவேண்டும் என்கிறது. முன்னது எல்லா உயிர்களையும் நோக்கிய மனநிலை. பின்னது குறிப்பிட்ட ஓர் உயிர்க்கு ஆற்றவேண்டிய பணி. திருக்குறளின் கொல்லாமை அதிகாரமும் கொல்லாதிருத்தலோடு அமையவில்லை. கிடைத்ததைப் பகிர்ந்துண்டு உயிர்களைப் பேணுதலை நூலோர் தொகுத்த அறங்களுள் தலையாயதாக அது வைக்கிறது (குறள் 322). ஆகவே, ஓம்பல் தமிழ் அறமரபுக்குப் புதியதன்று. சிறுவர்க்குக் கற்பிக்கும்பொழுது அது எங்கே நிற்கிறது என்பதே வினா.

பேகனின் போர்வை

வையாவிக் கோப்பெரும் பேகன் குளிரில் நடுங்கிய மயிலுக்குப் போர்வை அளித்த செய்தி, கடையெழு வள்ளல்கள் வரிசையில் சிறுவர்க்குத் தவறாமல் சொல்லப்படுகிறது. பேகன் மயிலைக் கண்டான், இரங்கினான், கொடுத்தான் என்ற அளவில் கதை முடிந்து, விலங்குகளிடம் அன்பு காட்டுக என்னும் நீதி பெறப்படுகிறது. மயில் போர்வையை என்ன செய்தது என்று கேட்கும் மாணவர் வகுப்பில் உண்டு. அவ்வினா குறும்பாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படுவதும் உண்டு.

ஆனால் அவ்வினாவைப் புறநானூறே முதலில் எழுப்பியுள்ளது. மயில் அதனை உடுத்தாது, போர்த்திக்கொள்ளவும் செய்யாது என்பதை அறிந்தே பேகன் கொடுத்தான் என்று பரணர் கூறுகிறார் (புறம். 141). அடுத்த பாடலில் அவனது கொடை, வற்றிய குளத்திலும் வயலிலும் பெய்வதோடு களர்நிலத்திலும் பெய்யும் மழைக்கு ஒப்பிடப்படுகிறது (புறம். 142). கொடைமடம் எனப்படும் இப்பண்பு புகழுக்குரியதாகவே பாடப்பட்டுள்ளது. எனினும், பெறுவோரின் தேவையை அளந்து கொடுக்காத கொடை என்பது அதன் இலக்கணத்திலேயே அடங்கியுள்ளது. பாடலின் நோக்கம் கொடுப்பவனின் உள்ளத்தைப் புகழ்வது; மயிலின் நலத்தைப் பேசுவதன்று.

இதனினும் கூர்மையானது 145ஆம் பாடல். பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தபோது கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகியோர் அவள்பொருட்டுப் பாடியவை புறம் 143 முதல் 147 வரையிலான பாடல்கள். அவற்றுள் பரணர், மயில் குளிரால் நடுங்கும் என்று அருளிய செயலைக் கூறியே பேகனை விளிக்கிறார். பின்னர், தாம் பசித்து வரவில்லை என்றும், இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே தாம் வேண்டும் பரிசில் என்றும் கூறுகிறார். கானத்து மயிலுக்கு இரங்கியவன் தன்னைச் சார்ந்து வாழ்பவளை மறந்தான் என்னும் குறிப்பு இங்கு வெளிப்படை. அருளுடையவன் ஓம்பத் தவறலாம் என்பதைச் சங்கப் புலவர் அறிந்திருந்தார். சிறுவர்க்கான மறுகூறல் போர்வையை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த அறிவை விட்டுவிட்டது. பேகனின் குடும்பச் செய்தியைச் சிறுவர்க்குச் சொல்லவேண்டும் என்பதில்லை. மயிலுக்கு வேண்டியது யாது என்னும் வினாவையேனும் விலக்காதிருக்கலாம்.

பாப்பா பாட்டின் வினைகள்

பாரதியாரின் (1882–1921) ‘பாப்பா பாட்டு’ ஓர் உயிர்க்கு ஓர் உறவு என்ற முறையில் அமைந்தது. வண்ணப் பறவைகளைக் கண்டு மகிழவேண்டும். கோழியைக் கூட்டி விளையாடவேண்டும். திருடும் காக்கைக்கு இரங்கவேண்டும். பால் தரும் பசு நல்லது எனப்படுகிறது. வாலைக் குழைத்துவரும் நாய் தோழனாகிறது. வண்டி இழுக்கும் குதிரை, வயல் உழும் மாடு, மனிதரை அண்டிப் பிழைக்கும் ஆடு ஆகிய மூன்றையும் ஆதரிக்கவேண்டும் என்று இவ்வரிசை முடிகிறது.

காணல், விளையாடல், இரங்கல், மதித்தல், தோழமை, ஆதரித்தல் என உறவு படிப்படியாக நெருங்குவதைக் காணலாம். இவ்வரிசையில் இரண்டு இடங்கள் கருதத்தக்கவை. முதலாவது காக்கை. அதனால் பயனில்லை, இழப்பும் உண்டு. ஆயினும் இரக்கம் அதற்கு மறுக்கப்படவில்லை. இரண்டாவது ஆடு. குதிரையும் மாடும் உழைக்கின்றன. அவற்றை ஆதரிப்பது கைம்மாறு எனலாம். ஆட்டிற்கோ எவ்வுழைப்பும் கூறப்படவில்லை. அது நம்மை அண்டி வாழ்கிறது என்பதே அதனை ஆதரிப்பதற்குக் காரணமாகிறது. பயன்கருதிய அன்பு என்று இப்பாடலை மதிப்பிடுவோர் காக்கையையும் ஆட்டையும் கருத்திற்கொள்ளவில்லை எனலாம். சார்ந்திருக்கும் உயிர்க்குச் சாரப்படுபவர் கடமைப்பட்டவர் என்னும் ஓம்பலின் அடிப்படையை ஒரே அடியில் இப்பாடல் குழந்தைக்குக் காட்டிவிடுகிறது.

எனினும் ஆதரித்தல் என்பது எவ்வெச் செயல்களால் ஆவது என்று பாடல் விரிக்கவில்லை. ஊர்ப்புறங்களில் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடும் சிறுவனே அது விற்கப்படுவதையும் காண்கிறான். அவன் கேட்கக்கூடிய கேள்விக்குப் பாடலில் விடையில்லை. அந்த இடத்தில் ஆசிரியர் பேசவேண்டியவராகிறார்.

கவிமணியின் தோட்டம்

கவிமணியின் (1876–1954) வெள்ளைப்பசு பாடல் வேறொரு வழியில் செல்கிறது. தோட்டத்தில் பசு மேய்கிறது, கன்று துள்ளுகிறது. பசு அழைக்கக் கன்று ஓடிவருகிறது. பசு நக்கக் கன்று பால் குடிக்கிறது. இப்பாடலில் நீதியில்லை, ஏவல் வினையில்லை, மனிதரே இல்லை. பாப்பா பாட்டில் பசு மனிதர்க்குப் பால் பொழிகிறது. இங்கே அப்பால் கன்றுக்குரியதாக இருக்கிறது. அறிவுரை ஏதுமின்றியே குழந்தை ஓர் உண்மையை அறிகிறது: பசுவுக்கு மனிதரோடு தொடர்பற்ற ஒரு வாழ்வும் உறவும் தேவையும் உண்டு.

ஓம்பலுக்கு வேண்டிய அறிவு இத்தகைய உற்றுநோக்கலிலிருந்தே பிறக்கும். போர்வை மயிலுக்கு உதவாது என்பதை உணர, மயில் எவ்வாறு வாழ்கிறது என்பதைக் கண்டிருத்தல் வேண்டும். அவ்வகையில் கடமை எதனையும் கூறாத கவிமணியின் பாடல் கடமைக்கு முற்பட்ட பயிற்சியாகிறது.

ஒரு மறுப்பு

குழந்தைப் பாடலின்மீது இவ்வளவு சுமையை ஏற்றலாமா, உள்ளம் நெகிழ்ந்தால் செயல் தானே பின்தொடராதா என்று வினவலாம். பேகனைப் பற்றிய பாடல்களே அதற்கு விடை: நெகிழ்ந்த உள்ளம் செயலைத் தந்தது, பொருத்தமான செயலைத் தரவில்லை. குழந்தைப் பாடல் பாடநூலாகும்பொழுது அதனைத் தொடர்ந்து பயிற்சி வினாக்கள் வருகின்றன. பேகன் மயிலுக்கு என்ன கொடுத்தான் என்பது நினைவை மட்டும் சோதிக்கும் வினா. மயிலுக்கு என்ன வேண்டியிருந்தது என்பது பொறுப்பைப் பயிற்றும் வினா. இங்கே குறை பனுவலைச் சார்ந்ததன்று, வினாவைச் சார்ந்தது.

முடிவுரை

மூன்று பனுவல்களும் ஒன்றையொன்று நிறைவு செய்வன. கவிமணி விலங்கைக் காணக் கற்பிக்கிறார். பாரதியார் நம்மைச் சார்ந்த உயிரை ஆதரிக்கக் கூறுகிறார். பேகனைப் பற்றிய பாடல்கள், முழுமையாகப் படிக்கப்படின், அருள் மட்டும் போதாது என்பதை உணர்த்துகின்றன. வழக்கத்திலோ பேகனின் கொடையே விலங்குநேயத்தின் முதன்மைச் சான்றாக நிற்கிறது. காணல், தேவையறிதல், பேணல் என்னும் வரிசையில் இவற்றைக் கற்பித்தால், கொடுத்தவனின் பெருமையிலிருந்து பெற்ற உயிரின் நலத்திற்கு மாணவரின் கவனம் நகரும். அதற்குப் புதிய பாடல்கள் எழுதப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உள்ள பாடல்களுக்கு வேறு வினாக்கள் அமைத்தாலே போதும்.